'சரக்கு' என்ற சொல்லின் வேர் எது?

எல்லோருக்கும் வணக்கம். கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறோம்; மலையாளத்தில் சகரத்தை அழுத்தி 'பலச்சரக்கு' என்பார்கள். தெலுங்கில் 'சருகு' (saruku), கன்னடத்தில் 'சரகு' (saraku). சித்த மருத்துவத்தில் மருந்துப் பொருளுக்கே சரக்கு என்றுதான் பெயர். ஒருவருடைய அறிவையும் 'அவரிடம் சரக்கு இருக்கிறது' என்கிறோம். எவ்வளவு அழகான சொல்!

ஆனால் இங்கே கோயில்களில் பாயசம் காய்ச்சும் பெரிய வெண்கல உருளிக்கும் 'சரக்கு' என்றே பெயர். மகள் கேட்டாள்: "அப்பா, பாத்திரத்துக்கும் கடைச் சாமானுக்கும் ஏன் ஒரே பேர்?" பதில் சொல்ல முடியவில்லை, மனசு கேட்கவில்லை.

இரண்டும் ஒரே வேரா? பழைய கல்வெட்டிலோ பாட்டிலோ இந்தச் சொல்லைப் பார்த்தவர்கள், தயவுசெய்து அந்த வரியோடு சொல்லுங்கள். அப்புறம், நாகர்கோவில், சித்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர் வழக்கையும் எழுதுங்கள்.