புது ஈஆர்பிக்கு மாறுகிறோம், கோ-லைவ் தேதியை முதலிலேயே குறிக்கலாமா?

கேள்வி: சரக்குப்பொறுப்பு

வணக்கம். ஒரு விநியோக நிறுவனத்தில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். இரண்டு குடோன், ஏறக்குறைய 6,000 ஐட்டம், ஒரு நாளைக்கு 300 பில் வரை போகும். பில்லிங் ஒரு பழைய சாஃப்ட்வேரில், ஸ்டாக் எக்செலில், வசூல் கணக்கு அக்கவுண்டன்ட் வைத்திருக்கும் தனி ஷீட்டில். மூன்றும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஷீட்டில் ஸ்டாக் காட்டுகிறது என்று சேல்ஸ் பையன் ஆர்டர் எடுத்து வருவான், குடோனில் போய்ப் பார்த்தால் ரேக் காலி.

பில், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் ஈஆர்பி சாஃப்ட்வேரை முதலாளி வாங்கிவிட்டார். நான்கு மாதம் போதும் என்கிறார் அதை விற்ற வென்டர். அதை வைத்து, சீசன் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது ஒரு தேதியை கோ-லைவ் என்று குறித்து, அன்றைக்கு எல்லாரும் புதியதில்தான் பில் போட வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. நடத்தும் பொறுப்பு என் தலையில்.

ஒரே நாளில் மொத்தமாக மாறுவதா, ஒரு குடோனை மட்டும் முதலில் மாற்றுவதா? பழையது, புதியது இரண்டையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டலாமா? அப்புறம், எங்களுடைய ஸ்கீம், இலவசச் சரக்கு, ரிட்டர்ன் எல்லாம் இப்போது நடக்கிற மாதிரியே அச்சு அசலாக சாஃப்ட்வேரில் வர வேண்டும் என்கிறார் முதலாளி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: குடோன்14

சார், 14 வருஷமாகக் குடோன் பக்கம் இருக்கிறேன். இரண்டு நிறுவனங்களில் இந்த மாற்றத்தை உள்ளே இருந்து பார்த்தவன். தேதியை இப்போது குறிக்காதீர்கள். ஒத்திகை பார்த்து, அது சரியாக முடிந்த பிறகு குறியுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

முதல் நிறுவனத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஐட்டம், பெட்டிக்கு 24 பீஸ். இடையில் கம்பெனிக்காரர்கள் பெட்டிக்கு 20 பீஸ் என்று மாற்றிவிட்டார்கள். புதுப் பெட்டியின் ஓரத்தில் பச்சைப் பட்டை இருக்கும், அதைப் பார்த்தே எங்கள் ஆட்கள் பிரித்துவிடுவார்கள். அந்த விவரம் அவர்கள் மண்டையில் இருந்ததே தவிர எந்த ஷீட்டிலும் இல்லை. ஒவ்வொரு பொருளின் விவரமும் இருக்கும் அடிப்படைப் பட்டியலான ஐட்டம் மாஸ்டரில் 24 என்றே ஏறிவிட்டது. 150 பெட்டி இறங்கியது. சிஸ்டத்தில் 3,600 பீஸ், ரேக்கில் 3,000. இல்லாத 600 பீஸுக்கு சேல்ஸ் ஆட்கள் ஆர்டர் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் நாலு வண்டி லோடு ஏற்றாமல் வாசலில் நின்றது. டிரைவர்கள் என்னிடம் கேட்டார்கள், என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு அந்த இடத்தில் நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் சாஃப்ட்வேர் திரையைத் திறக்கும் முன்பே ஐட்டம் மாஸ்டரில் கை வையுங்கள். 6,000 ஐட்டம் என்கிறீர்கள். ஒரே பொருள் மூன்று பெயரில் இருக்கும், இரண்டு வருஷமாக நகராத சரக்கு இருக்கும். அதையெல்லாம் கழித்தால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். மிஞ்சியதில் ஒவ்வொன்றுக்கும் பீஸ், பெட்டி கணக்கைக் குடோனில் ஒரு பெட்டியைப் பிரித்து எண்ணி எழுதுங்கள். பேக் மாறினால் பழைய ஐட்டம் நம்பரைத் திருத்தாமல் புது நம்பர் போடுங்கள். பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதியும் அதுதான், பெட்டிக்குள் எண்ணிக்கை மாறினால் பெட்டிக்குப் புது எண் தர வேண்டும். இந்த வேலையை வென்டரின் ஆளிடம் தள்ளிவிடாதீர்கள். உங்கள் குடோனிலேயே ரொம்ப நாள் இருப்பவரை உட்கார வையுங்கள். அவருடைய தினசரி வேலையை வேறு ஒருவருக்கு முழுசாக மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் இதைச் சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் அரைத் தூக்கத்தில் செய்வார்.

ஒத்திகை என்பது டெமோ இல்லை. ஒரு விடுமுறை நாளில், முந்தின வாரத்தின் நிஜ ஆர்டர் 200-ஐ எடுத்து, நிஜ ஆட்களை வைத்து, பில் போட்டு, சரக்கு எடுத்து, லேபிள் ஒட்டி, வண்டி வாசல் வரை கொண்டுவந்து பார்ப்பது. இரண்டாவது நிறுவனத்தில் இப்படி மூன்று முறை செய்தோம். முதல் முறை, கடைசி ரேக் வரிசையில் வைஃபை எட்டவில்லை, ஸ்கேனர் சுற்றிக்கொண்டே நின்றது. ஆபீஸில் உட்கார்ந்து டெஸ்ட் பண்ணிய வரைக்கும் அது யாருக்கும் தெரியாது.

சேர்த்து ஓட்டுவது பற்றி: கணக்குப் பிரிவில் ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குடோனில் வேண்டாம். ஒரே ஆள் ஒரே சரக்கை இரண்டு இடத்தில் பதிய வேண்டும் என்றால், கூட்டம் வந்த அன்றைக்கே பழையதில் மட்டும் போடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு குடோன் முதலில், அதுவும் சின்னது. ஆனால் இரண்டுக்கும் இடையே தினமும் சரக்கு மாறுமென்றால், இடைக்காலத்தில் அந்த மாற்றத்தை எங்கே எப்படிப் பதிவது என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

சீசனுக்கு மூன்று வாரம் முன்னால் என்பதுதான் எனக்குக் கவலை. 1999-ல் அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம் இதே இடத்தில்தான் இடறியது. 48 மாதம் தேவை என்று சொல்லப்பட்ட ஈஆர்பி திட்டத்தை 30 மாதத்தில் முடிக்கப் பார்த்தார்கள். அது தள்ளிப்போய், சாக்லேட் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் நேரத்துக்கு முன்னால் ஜூலையில் மாறினார்கள். கையில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள். சீசன் முடிந்து, ஸ்டாக் குறைந்திருக்கும் வாரத்தில் மாறினால் எண்ணவும் எளிது, தப்பு வந்தால் திருத்தவும் நேரம் இருக்கும்.

பதில்: லெட்ஜர்மேசை

மேலே சொன்னவர் குடோனைச் சொல்லிவிட்டார், நான் கணக்கு. வாடிக்கையாளர் பாக்கியை மொத்தத் தொகையாக ஏற்றாதீர்கள். நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு பில்லையும் அதன் நம்பர், தேதியோடு ஏற்றுங்கள். பணம் கட்டுகிறவர் 'இந்த பில்லுக்கு' என்றுதான் தருவார். மொத்தமாக ஏற்றினால் எது எத்தனை நாள் பாக்கி என்பது போய்விடும். நல்ல வாடிக்கையாளரின் ஆர்டரை முதல் வாரமே கடன் வரம்பைக் காட்டி சிஸ்டம் நிறுத்திவிடும். முடிந்துபோன பழைய பில்கள் பழைய சாஃப்ட்வேரிலேயே இருக்கட்டும், பார்ப்பதற்கு மட்டும் திறந்து வையுங்கள்.

மாறுகிற அன்றைக்கு வழியில் இருக்கும் சரக்கையும், திரும்பி வந்து இன்னும் கிரெடிட் நோட் (வாடிக்கையாளர் பாக்கியில் அந்தத் தொகையைக் கழிக்கும் சீட்டு) போடாத சரக்கையும் தனிப் பட்டியலாக எடுத்துவிடுங்கள். இந்த இரண்டும்தான் எப்போதும் விடுபடும்.

சரக்குப்பொறுப்பு

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பெட்டி, பீஸ் கதையைப் படித்ததும் குடோனுக்குப் போய் பத்து ஐட்டம் பிரித்துப் பார்த்தேன். இரண்டில் எண்ணிக்கை வேறாக இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போகப்போகிறேன். "நம்ம வழக்கத்துக்கு ஏற்ற மாதிரி மாத்தித் தரச் சொல்" என்று அவர் விடாப்பிடியாக நிற்பதற்கு என்ன சொல்வது?

பதில்: குடோன்14

ஜெர்மனியின் லிடில் கடைத்தொடரைச் சொல்லுங்கள். சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவது அவர்கள் வழக்கம், அவர்கள் எடுத்த சாப் (SAP) நிறுவனத்தின் மென்பொருளோ விற்கும் விலையை அடிப்படையாகக் கொண்டது. வழக்கத்தை விடாமல் மென்பொருளை மாற்றப் போனார்கள். 2011-ல் தொடங்கியதை, ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவழிந்த பிறகு 2018-ல் கைவிட்டார்கள். காரணம் அது ஒன்றே இல்லை, ஆனால் பெரிய காரணங்களில் ஒன்றாக அதைத்தான் சொன்னார்கள்.

ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை விட்டால் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போவாரா? ஸ்கீம், இலவசச் சரக்கு என்றால் ஆமாம், அதற்கு மாற்றம் கேளுங்கள். அதற்கும் முன்னால் மென்பொருளிலேயே அந்த வசதி இருக்கிறதா என்று உங்கள் நிஜ ஸ்கீம் ஒன்றைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரிட்டர்னுக்கு மூன்று பேர் கையெழுத்து என்பது போன்றதெல்லாம் நம் ஆபீஸுக்குள் இருக்கும் பழக்கம். அதை விடலாம்.

பத்தில் இரண்டு தப்பு என்றீர்களே, அந்த இரண்டு பெட்டியையும் பிரித்தபடியே முதலாளி மேசைக்குக் கொண்டுபோங்கள். அவரே எண்ணிப் பார்க்கட்டும்.