4294967297-ஐ வகுக்கும் 641 ஆய்லருக்கு எப்படிக் கிடைத்தது?

கேள்வி:
2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் 4294967297 ஒரு பகா எண் என்று ஃபெர்மா நம்பியதையும், அதை 641 மீதியின்றி வகுக்கிறது என்று 1732-இல் ஆய்லர் காட்டியதையும் படித்தேன். 641 என்பது 116-ஆவது பகா எண். அதுவரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாரா, அல்லது வேறு வழி இருந்ததா?

முதல் பதில்:
அத்தனை முறை வகுக்கத் தேவையில்லை. ஏதோ ஒரு பகா எண் இதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 2-இன் 32-ஆம் அடுக்கை அதனால் வகுக்க மீதி −1. வர்க்கப்படுத்தினால் 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. மீதி 1 முதன்முதலில் வருவதும் 64-இல்தான்; அதற்கு முன்பே வந்திருந்தால் அந்த அடுக்கு 64-இன் காரணியாகி, 32-லும் 1 வந்திருக்கும். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்த அடுக்கிலும் மீதி 1 ஆகும் என்பதால், ஒன்று குறைந்த அந்த எண் 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும். (ஃபெர்மாவின் ஊகத்தைக் கவிழ்க்க அவருடைய தேற்றமே உதவியது வேடிக்கைதான்.) 64-இன் மடங்குகளோடு 1 கூட்டிக்கொண்டே போனால், பத்தாவது மடங்குக்குள் பகா எண்களாகத் தேறுபவை 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தே. இந்த நிறுவலை ஆய்லர் பின்னாளில்தான் வெளியிட்டார்.

இரண்டாம் பதில்:
641 வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தல் இல்லாமலே காட்டலாம். 640 = 5 × 128 ஆகையால், 5-ஐ 2-இன் 7-ஆம் அடுக்கால் பெருக்கி 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியதற்கு மீதி 1. ஆனால் 641 = 625 + 16; எனவே 625 இருக்கும் இடத்தில் −16 என்று எழுதலாம். 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு என்பதால், 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1 ஆகிறது. ஒன்று கூட்டினால் சுழியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, 625 + 16 எனக்குத் தோன்றவே இல்லை. ஈவாக வரும் 6700417 பகா எண்தானா?

முதலில் பதிலளித்தவர்:
ஆம். 1878-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா மேற்கண்ட விதியை இறுக்கி, 64 என்ற இடத்தில் 128 என்று ஆக்கினார். 6700417-இன் எந்தப் பகாக் காரணியும் மூல எண்ணின் காரணியும் ஆகும் என்பதால், அதன் வர்க்கமூலமான 2588 வரை 257, 641, 769, 1153, 1409 ஆகியவற்றைச் சோதித்தால் போதும். அவற்றில் 257 தானே ஒரு ஃபெர்மா எண் (2-இன் 1, 2, 4, 8, 16, 32 போன்ற அடுக்குகளோடு 1 கூட்டி வரும் எண்; 257-இல் அடுக்கு 8). ஃபெர்மா எண்கள் இரண்டுக்குப் பொதுக் காரணி இராது, ஆகவே அதை விட்டுவிடலாம். மற்ற நான்கால் வகுத்தால் முறையே 44, 120, 334, 622 மீதியாகின்றன.

மூன்றாம் பதில்:
இந்த எண்ணில் 2 குறைத்தால் வரும் 4294967295-ஐயும் பாருங்கள். இன்றுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்களான 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கினால் கிடைப்பது அதுதான். பக்க எண்ணிக்கையின் ஒற்றைப்படைப் பகாக் காரணிகள் யாவும் வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களாக இருக்க வேண்டும் என்பது கணிதவியலாளர் காஸ் கண்ட விதி. ஆகவே அதன்படி, அத்தனை பக்கங்களுள்ள ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு, கொள்கையளவிலேனும், வரைய முடியும். 4294967297 பக்கங்களுக்கு அது முடியாது. குறுக்கே நிற்பது, ஃபெர்மா எண் அல்லாத அதே 641.