முதுமைக்கும் மறுமைக்கும் என்ன சொல் போடுவது?

கேள்வி: பாதிக்கையேடு

முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்காக ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடங்களில் பேனா நகர மறுக்கிறது. வயதான காலத்தைக் 'கடைசிக்காலம்' என்று எழுதினேன், படித்துப் பார்த்தவர் முகம் சுளித்தார். 'அந்திமக்காலம்' அதைவிட மோசம். அப்புறம், அங்கே இருப்பவர்கள் செத்தபிறகு என்ன என்பதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். எல்லா மதத்தவரும் உண்டு. பொதுவாக 'மறுமை' என்று போட்டுவிடலாமா?

பதில் 1: குறள்பித்தன்

தாராளமாக. "சிறுமையுள் நீங்கிய இன்சொல் மறுமையும் இம்மையும் இன்பம் தரும்" என்பது குறள் 98. மதம் தாண்டிய சொல். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

பதில் 2: பழைய மெய்ப்புக்காரன்

யோசிக்க நிறைய இருக்கிறது தம்பி. நான் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்தியவன். இரங்கல் விளம்பரப் பக்கம் பல வருடம் என் மேசையில்தான் கிடந்தது. ஒரே சாவுக்கு எத்தனை முகவரி என்று அங்கே பார்க்கலாம். சைவக் குடும்பம் 'சிவபதம் அடைந்தார்' என்று எழுதும். ஸ்ரீவைஷ்ணவர் 'ஆசார்யன் திருவடி அடைந்தார்' என்பார். கிறிஸ்தவர் பலர் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று கொடுப்பார்கள். எதுவும் சொல்லாமல் விட்டால் விளம்பரம் வாங்குகிறவர் தானாகவே 'இறைவனடி சேர்ந்தார்' என்று நிரப்பிவிடுவார். ஒரு முறை ஒரு பெண் நேரில் வந்து, "எங்கள் அப்பா யார் அடியையும் சேரவில்லை, 'இயற்கை எய்தினார்' என்று மாற்றுங்கள்" என்றார். அப்பா பகுத்தறிவாளர். அந்த ஒரு சொல்லுக்காக அவர் பஸ் ஏறி வந்ததை நான் மிகையாக நினைக்கவில்லை.

'மறுமை'யும் பழைய நூல்களில் எல்லோருக்கும் ஒரே பொருளில் வருவதில்லை. குறுந்தொகை 49இல் அம்மூவனாரின் தலைவி, "இம்மை மாறி மறுமை ஆயினும்" நீயே என் கணவன் என்கிறாள். அது அடுத்த பிறவி. புறநானூறு 134இலோ முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் 'அறவிலை வணிகன்' அல்லன் ஆய் என்னும் வள்ளல் என்கிறார். அவனைப் புகழ்கிற சாக்கில் புண்ணிய வியாபாரத்துக்கே ஒரு குட்டு! எனக்குப் பிடித்தது அதே நூலின் 214. வடக்கிருந்த, அதாவது உண்ணாமல் இருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன் பாட்டு. மேலுலக இன்பம் கிடைக்கலாம், அது இல்லையென்றால் மறுபிறவி இல்லாமல் போகலாம், அதுவும் இல்லையென்றால் இமயச் சிகரம்போலப் புகழை நட்டுவிட்டுப் பழியில்லாத உடம்போடு சாவதே நல்லது என்கிறான். சாகப்போகிறவனே எந்தக் கதவையும் சாத்தவில்லை, கையேடு ஏன் சாத்த வேண்டும்?

முதுமைக்கு வருவோம். இங்கே யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். "வீடு போ போங்குது, காடு வா வாங்குது" என்று கிழவர் சிரித்துக்கொண்டே சொல்லலாம். 'கட்டை சாயிற வயசு' என்றும் சொல்லலாம். அதே வார்த்தையைத் தன்னார்வலர் சொன்னால் அடி விழாவிட்டாலும் விழ வேண்டும். 'தள்ளாத வயது' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் எழுபதிலும் மாடி ஏறி இறங்குகிறவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். 'மூத்த குடிமக்கள்' அலுவலகச் சொல். 2007ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தில் 60 வயது நிறைந்தவர் என்று அதற்கு வரையறை இருக்கிறது, எனவே உரிமை, மனு என்று வருமிடத்தில் அதையே போடுங்கள். பேச்சில் வேண்டாம்.

ஒரு கொசுறு: பெண்ணின் ஏழு பருவங்களைச் சொல்லும் பாட்டியல் நூல்கள் (சிற்றிலக்கியங்களுக்கான இலக்கண நூல்கள்) பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில், அதாவது நாற்பதோடு, கடையைக் கட்டிவிடுகின்றன. உங்கள் இல்லத்துப் பாட்டிகள் யாருக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

பதில் 3: கரையோரம்

எங்கள் முஸ்லிம் வீடுகளில் மறுமை என்றால் ஆகிரத், இறப்புக்குப் பிந்தைய வாழ்வு. 'மறுமை நாள்' என்றால் எல்லோரும் எழுப்பப்பட்டு விசாரிக்கப்படும் கியாமத் நாள். அடுத்த பிறவி என்ற பொருளே அதில் கிடையாது. அதனால் கையேட்டில் 'மறுமை அல்லது மறுபிறவி' என்று அடுத்தடுத்துப் போட்டுவிடாதீர்கள், எங்கள் பெரியவர்கள் அதிர்ந்துபோவார்கள். இறந்தவரை 'மௌத்தாயிட்டார்' என்பது வீட்டுப் பேச்சு, எழுதும்போது 'வஃபாத்' வரும். போய்ச் சேரும் இடத்தைச் சொர்க்கம் என்றாலும் புரியும், சுவனம் என்றாலும் புரியும்.

பதில் 4: ஞாயிறுமணி

கிறிஸ்தவர்களான எங்களிலும் இரண்டு வழக்கு இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்தவர்களுக்கு 'நித்திய ஜீவன்', 'பரலோகம்'. 1995இல் வந்த திருவிவிலியம் படிக்கிறவர்களுக்கு 'நிலைவாழ்வு', 'விண்ணகம்'. என் அத்தைக்கு இரண்டாவது வரிசை காதில் ஏறவே ஏறாது. கத்தோலிக்கரில் வயதானவர்கள் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று சொல்லிக் கேட்டால் விழிக்காதீர்கள். பாவக்கறை தீர்ந்து மோட்சம் போவதற்கு முந்தைய நிலை அது. அங்கே உள்ள ஆத்மாக்களுக்காகச் செபிக்கச் சொல்லித்தான் பேச்சை எடுத்திருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்: பாதிக்கையேடு

சரி, அப்படியானால் அத்தியாயத் தலைப்புக்கு என்ன செய்வது? ஏதாவது ஒன்றை அச்சடித்தாக வேண்டுமே. ஒன்றையுமே நம்பாத ஓர் ஐயாவும் இருக்கிறார்.

பதில் 5: பழைய மெய்ப்புக்காரன்

முதல் அத்தியாயத்துக்கு 'வயதான காலம்' போதும், யாருக்கும் உறுத்தாது. இரண்டாவதற்கு 'இறப்புக்குப் பின்: அவரவர் சொல்வது'. உள்ளே விளக்கவுரை வேண்டாம், இங்கே மூவரும் எழுதிய சொற்களைத் தனித்தனியாகக் கொடுங்கள், கலக்காதீர்கள். பெரியவர் வைகுண்டம் என்றால் தன்னார்வலரும் வைகுண்டம் என்று சொல்லட்டும், விண்ணகம் என்றால் விண்ணகம். நம்பாத ஐயாவிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு உட்காரச் சொல்லுங்கள், பேச்சை அவரே எடுப்பார். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் ஒரு பிரதி அனுப்புங்கள், மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.