அந்தியூர்ச் சந்தை, ஊட்டி ரேஸ்: குதிரைகளைப் படம் எடுத்த அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:

ஆடி பிறந்துவிட்டால் மலையில் கேமராவுக்கு அவ்வளவாக வேலை இல்லை. சாரலும் மூடுபனியுமாக, எதிர்ச்சரிவுத் தேயிலைகூடத் தெரியாது. அந்த நேரத்தில்தான் கீழே அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழா, கூடவே குதிரைச் சந்தை. மேட்டுப்பாளையம் இறங்கி, சத்தியமங்கலம், கோபி வழியாகப் போய்விடுவேன். சந்தை பல நாள் நடக்கும். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் கொண்டுவருவதெல்லாம் ஒரே படம்: மேளத்துக்கு முன்னங்காலைத் தூக்கி ஆடும் குதிரை, சுற்றிலும் செல்போனை உயர்த்திய கைகள். தங்கி எடுத்தால்தான் சந்தை பிடிபடும் என்பது என் கட்சி.

முதலில் லென்ஸ் சங்கதி. மலைக்குளிரில் இருந்த கேமராவைச் சமவெளிப் புழுக்கத்தில் திடீரென வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி பூத்துவிடும். துடைக்கத் துடைக்கப் பூக்கும். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். அதற்குள் ஒரு டீ, சந்தைக்குள் ஒரு நடை. எந்தக் குதிரை உதைக்கும், எந்த வரிசையில் காலை வெயில் பக்கவாட்டில் விழும், யார் முகம் கொடுத்துப் பேசுவார் என்பதெல்லாம் அந்த நடையில் தெரிந்துவிடும்.

மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்குக் காதுதான் அழகு. நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நிற்கும். காது பின்னால் படிந்திருக்கும்போது ஷட்டரை அழுத்தினால் எவ்வளவு சாதுவான குதிரையும் கோபமாகத்தான் தெரியும். கூட வருகிறவர் பாலித்தீன் கவரை லேசாகச் சரசரக்கச் செய்தால் போதும், காது முன்னே வந்துவிடும். நொக்ரா என்கிற வெள்ளைக் குதிரையை எடுக்கும்போது கேமராவின் ஒளி மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம், வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். காலை நிழலில் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூட்டி வைப்பேன். உச்சிவெயிலில் வெள்ளைக் குதிரைப் பக்கமே போக மாட்டேன்.

சரி, சொல்ல வந்தது இது. ஒரு பெரியவரின் குதிரைக்கு நெற்றியில் அழகான சுழி. நெருங்கி எடுக்கப் போனதும் உள்ளங்கையால் நெற்றியை மறைத்தார்.

"ஏனுங் தம்பி, மூஞ்சிய எடுத்துக்குங்க. சுழிய மட்டும் வேண்டாமுங்க. படம் வாட்ஸப்புல போச்சுன்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி வெலையக் கெடுத்துருவாங்க."

எந்த இடத்தில் எந்தச் சுழி இருந்தால் ஆகும், எது ஆகாது என்று பார்த்துத்தான் அங்கே வாங்குவார்கள். வயதுக்குப் பல், குணத்துக்குச் சுழி. நான் கேமராவை இறக்கிவிட்டேன். மறுநாள் அந்தப் பக்கம் போனபோது அவரே கூப்பிட்டார்: "வித்தாச்சுங். இப்ப எத்தன வேணாலும் எடுங்க!" வாங்கியவரும் பக்கத்தில் நின்று சிரித்தார். மூன்று பேருமாகக் கடலை தின்றோம். ஒரே நாளில் திரும்பியிருந்தால் மறைத்த கை மட்டும்தான் கிடைத்திருக்கும். அதுவும் நல்ல படமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எடுக்க மனசு வரவில்லை.

மாட்டுப் பக்கமும் ஒரு எட்டு போய்வாருங்கள். காங்கேயமும் பர்கூர் செம்மறை மாடுகளும் வரும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறவர்களின் கை தெரியாது. முகத்தை மட்டும் எடுங்கள், விலை அதிலேயே இருக்கும்.

ஊட்டியிலிருந்து:

ஆடும் குதிரைப் படம் எல்லாம் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். குதிரையை விட்டு மேளக்காரரின் கண்ணைப் பாருங்கள், அவர்தான் அதன் குளம்பைப் பார்த்து அடியை மாற்றிக்கொண்டிருப்பார். மற்றபடி தங்குவது பற்றிச் சொன்னது முழுக்கச் சரி.

எனக்குக் குதிரை என்றால் நம்மூர் ரேஸ் கோர்ஸ்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே, டவுனுக்கு நட்டநடுவில் 52 ஏக்கர். பந்தயம் நடந்த காலத்தில் ஏப்ரல் 14 சீசன் தொடங்கினால் மே, ஜூன் வரை ஓடும். பந்தயத்தை எடுக்க எல்லோரும் வேலியில் வரிசையாக நிற்பார்கள். ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒன்றுக்கு வைத்தால் குளம்பு காற்றில் உறைந்து நிற்கும். அறுபதில் ஒன்றுக்கு இறக்கி, ஓட்டத்தோடு கேமராவையும் திருப்பினால் ஜாக்கி மட்டும் தெளிவாக, பின்னால் யூகலிப்டஸ் மரமெல்லாம் கோடாக இழுபடும். பத்தில் ஒன்பது வீணாகும், பரவாயில்லை. ஆனால் நான் விரும்பியது பந்தயம் இல்லாத நாள் விடியற்காலை. பயிற்சி முடித்து வரும் குதிரைகளின் மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு வரும். சூரியன் குதிரைக்குப் பின்னால் இருந்தால்தான் அது படத்தில் விழும்.

2024 ஜூனில் குத்தகைப் பாக்கி காரணமாக அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பாக்கி 822 கோடி என்றார்கள். எடுத்தது சரிதான் என்று எனக்கும் படுகிறது. ஆனாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் மூட மனம் வருவதில்லை.

குன்னூரிலிருந்து:

இரண்டு பேரும் சொல்லாத ஒன்று. அந்தியூரில் புழுதி அதிகம், அங்கே வைத்து லென்ஸ் மாற்றவே வேண்டாம். திரும்பும்போது மேட்டுப்பாளையத்திலேயே ஊது பம்பால் கேமராவை நன்றாக ஊதிவிட்டு மலை ஏறுங்கள். ஆடி ஈரத்தில் அந்தப் புழுதி ஒட்டிக்கொண்டால் அப்புறம் சர்வீஸ் கடைக்குக் கோயம்புத்தூர்தான் போக வேண்டும். அடுத்த ஆடிக்கு யாராவது காரில் போவதாக இருந்தால் சொல்லுங்கள், பெட்ரோலில் பாதி என்னுடையது.