புதுப்பிப்பு: டேக்வாண்டோ சாம்பியனுக்கு என்ன நினைவுப்பரிசு தருவது?

பன்னிரண்டு வயது அண்ணன் மகள் கேடட் (12 முதல் 14 வயது) பிரிவு சண்டைப் போட்டியில் தங்கம் வென்றாள், பாராட்டு விழாவில் இன்னொரு கோப்பை தராமல் வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விழா முடிந்தது.

பலித்தது, பழைய பெல்ட்டுகளைக் கண்ணாடிச் சட்டத்தில் வைக்கச் சொன்னவரின் யோசனைதான். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று ஐந்தையும் வரிசையாக வைத்து நடுவில் பதக்கத்தைத் தொங்கவிட்டோம். பசை போடவில்லை, நூலால் தைத்தோம். வேண்டுமென்றால் பிரித்து எடுக்கலாம். மஞ்சள் பெல்ட்டின் நுனி பிசிறு பிசிறாக இருந்தது. பதற்றம் வந்தால் அதைத்தான் கடிப்பாளாம்! வெட்டாமல் அப்படியே விட்டோம்.

எதிர்பாராதது ஒன்று. பெயர்ப்பலகையில் "கறுப்பு பெல்ட், முதல் டான்" என்று எழுதி வைத்திருந்தேன் (டான் என்பது கறுப்பு பெல்ட்டுக்குள் உள்ள தரநிலை). பொறிக்கக் கொடுக்கும் முன் பயிற்சியாளர் பார்த்துத் திருத்தினார். டேக்வாண்டோ தரச் சான்றிதழ் தரும் கொரியத் தலைமையகமான குக்கிவோனின் விதிப்படி 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டான் கிடையாது, 'பூம்' தரம்தான். அந்த பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. 15 வயதானதும் டானாக மாற்றிக்கொள்ளலாம். பொறிக்கும் முன் சான்றிதழை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், எடைப்பிரிவையும் ஆண்டையும் சேர்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. வந்தவர்கள் முதலில் படித்தது அந்த வரியைத்தான். அவளோ சட்டத்தை வாங்கியதும், தன்னோடு தினமும் மோதிப் பழகும் தோழியை மேடைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.