விலையுயர்ந்த ஸ்மார்ட்வாட்ச்சுகள் கொடுக்கும் பணத்துக்கு ஈடாகுமா?

மாலைவெயில் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் அணிந்துவரும் சாதாரண ஸ்மார்ட்வாட்ச்சின் பேட்டரி இப்போது மாலைவரைகூடத் தாங்குவதில்லை என்பதால், புதிதாக ஒன்று வாங்கும் எண்ணத்தில் இருக்கிறேன். டாக் ஹோயர், மோன்பிளாங், ஊப்லோ, லூயி விட்டான் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் வெளியிட்ட ஸ்மார்ட்வாட்ச்சுகளின் தோற்றம் என்னை ஈர்த்திருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவற்றின் விலை, நல்ல சாதாரண ஸ்மார்ட்வாட்ச் ஒன்றின் விலையைவிடப் பல மடங்கு. கூடுதலாகக் கொடுக்கும் பணம் உள்ளிருக்கும் நுட்பத்துக்குப் போகிறதா, வெளிக்கூட்டுக்குப் போகிறதா என்பதையும், அதே நிறுவனங்களின் இயந்திரக் கடிகாரங்களைப் போல இவையும் நெடுங்காலம் உழைக்குமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பற்சக்கரம்:

பணம் பெரும்பாலும் கூட்டுக்கும் பெயருக்கும்தான் போகிறது. நீங்கள் குறிப்பிட்ட நிறுவனங்கள் சிப் செய்பவை அல்ல. டாக் ஹோயர் 2015 நவம்பரில் 1,500 டாலருக்கு வெளியிட்ட முதல் கனெக்டட் வாட்ச்சில் இன்டெல் சிப்பும் கூகிளின் ஆண்ட்ராய்டு வேர் மென்பொருளும் இருந்தன. 2020இல் வந்த தலைமுறை குவால்காம் சிப்புக்கு மாறியது. அதே குவால்காம் வரிசைச் சிப்பும் அதே கூகிள் மென்பொருளும் அதைவிட மிகக் குறைந்த விலையுள்ள வாட்ச்சுகளிலும் கிடைத்தன.

ஆயுள் பற்றிய கேள்விக்கு ஆப்பிளின் தங்க வாட்ச்சை நினைவுபடுத்துவது பொருத்தமாக இருக்கும். 2015இல் 18 காரட் தங்கக் கூட்டுடன் வந்த ஆப்பிள் வாட்ச் எடிஷனின் விலை 10,000 டாலரில் தொடங்கியது. 349 டாலரில் தொடங்கிய அலுமினிய ஸ்போர்ட் வாட்ச்சில் இருந்த அதே சிப்தான் அதற்குள்ளும் இருந்தது. அடுத்த ஆண்டே தங்கக் கூட்டு விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, அதன் இடத்தில் செராமிக் வந்தது. 2018இல் வெளியான வாட்ச்ஓஎஸ் 5 என்ற புதிய மென்பொருள், முதல் தலைமுறை ஆப்பிள் வாட்ச்சுகளுக்குக் கிடைக்கவே இல்லை; தங்கமானாலும் அலுமினியமானாலும் இரண்டுக்கும் ஒரே நாளில் கதவு சாத்தப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் பழையதாகிவிட்ட ஒரு பொருளுக்கு அவ்வளவு பெரிய தொகை கொடுத்தவர்களிடம் மிஞ்சியது தங்கத்தின் எடைக்குரிய மதிப்பும், அரிய பொருளைச் சேகரிப்பவர்கள் தர முன்வரும் தொகையும்தான்.

கடிகார நிறுவனங்கள் இதை அறியாதவை அல்ல என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. டாக் ஹோயர் தன் முதல் கனெக்டட் வாட்ச்சை விற்கும்போதே, இரண்டு ஆண்டுகள் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்து, மேலும் 1,500 டாலர் கட்டினால் இயந்திரக் கடிகாரம் ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தது. 2017இல் வந்த மாடுலர் 45இல், மின்னணுப் பகுதியைக் கழற்றிவிட்டு அதே பட்டையில் இயந்திரப் பகுதியைப் பொருத்தும் வசதி இருந்தது. இந்தத் துறையில் நான் பார்த்தவற்றுள் நேர்மையான யோசனை அதுதான். ஆனால் 2020இல் வந்த தலைமுறையில் அது தொடரவில்லை. 2025இல் அறிமுகமான கேலிபர் இ5 என்ற கனெக்டட் வாட்ச், கூகிளின் வேர் ஓஎஸ்ஸை (ஆண்ட்ராய்டு வேரின் பிந்தைய பெயர்) விட்டுவிட்டு நிறுவனத்தின் சொந்த மென்பொருளுக்கு மாறியது. ஆகவே முந்தைய வாட்ச்சை வைத்திருப்பவர்கள் தமக்கு அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்று கேட்பது நியாயமே.

நுண்திருகு:

கடிகாரம் பழுதுபார்ப்பது என் தொழில். கூட்டுக்குப் பணம் போகிறது என்று நண்பர் சொன்னது சரி. ஆனால் அந்தக் கூட்டு வெறும் அலங்காரம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் சஃபையர் கண்ணாடி 9. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி அதற்கும் கீழே. எனவே மணல் துகள் பட்டால் சாதாரணக் கண்ணாடியில் கீறல் விழும், சஃபையரில் விழாது. ஆனால் கடினமான பொருள் எல்லாம் அடி தாங்கும் என்று பொருளில்லை. செராமிக் கூடு ஆண்டுக்கணக்கில் புதிதுபோல மின்னும். கல் தரையில் விளிம்பு மோதும்படி விழுந்தால் நெளிவதற்குப் பதிலாக உடைந்துவிடும். எஃகும் டைட்டானியமும் நசுங்கும், கீறல் விழும், ஆனால் உடையாது.

பழுதுபார்ப்பவனின் கண்ணில் முக்கிய வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. இயந்திரக் கடிகாரத்தைத் திருகு திருகாகக் கழற்றிக் கழுவி, எண்ணெயிட்டு, தேய்ந்த சக்கரத்தை மட்டும் மாற்றி மறுபடியும் பூட்டலாம். ஸ்மார்ட்வாட்ச்சில் பேட்டரியும் திரையும் பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். மின்பலகையில் ஒரு சிறு பாகம் போனாலும் பலகையையே மாற்ற வேண்டும், அந்தப் பலகை தயாரிப்பில் இல்லாமல் போனால் செய்வதற்கு ஒன்றுமில்லை. லித்தியம் அயனி பேட்டரி பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே வரும். பெட்டிக்குள் வைத்துப் பேரனுக்குக் கொடுக்கலாம் என்று வாங்கும் பொருள் இதுவல்ல.

நெடுவழி:

நான் ஓட்டப் பயிற்சி செய்பவன். அந்தக் கோணத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை ஒளி, தோலுக்குக் கீழே ஓடும் இரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு இதயத்துடிப்பைக் கணிக்கிறது. அதற்கு வாட்ச் மணிக்கட்டில் அசையாமல் பதிந்திருக்க வேண்டும். கனமான எஃகுச் சங்கிலியில் ஒரு கண்ணி கூடுதலாக இருந்தால் போதும், ஓடும்போது விளிம்பில் பச்சை வெளிச்சம் கசிவதை நீங்களே பார்க்கலாம். அப்போது திரையில் தெரியும் எண் பல வேளைகளில் இதயத்துடிப்பாக இல்லாமல் காலடி விழும் வேகமாக இருக்கும். இலேசான கூடும் மென்மையான ரப்பர் பட்டையும் கொண்ட மலிவான வாட்ச் இந்த ஒரு வேலையில் விலையுயர்ந்ததைத் தோற்கடிப்பது அரிதல்ல. விலையுயர்ந்தவை எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன்: கார்மின் நிறுவனத்தின் மார்க் வரிசை அதன் விளையாட்டு வாட்ச்சுகளின் நுட்பத்தின் மீதே கட்டப்பட்டது, இரண்டாம் தலைமுறையின் பேட்டரி சாதாரணப் பயன்பாட்டில் இரண்டு வாரம் தாங்கும். ஆனால் அதே நிறுவனத்தின் ஃபீனிக்ஸ் வரிசை அந்த வேலைகளில் பெரும்பகுதியைக் குறைந்த விலையில் செய்துவிடுகிறது.

அணிமணி:

மேலே எழுதியவர்கள் எல்லோரும் இதைக் கருவியாகவே பார்க்கிறார்கள். மோதிரம் வாங்குபவரிடம் அது என்ன வேலை செய்யும் என்று நாம் கேட்பதில்லையே. வசதி இருந்து, பிடித்திருந்து, சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்தே வாங்குபவர் ஏமாறுவதில்லை. அழகு மட்டும் போதும் என்றால் சிக்கனமான வழியும் உண்டு: பிரெஞ்சு ஆடம்பரத் தோல்பொருள் நிறுவனமான ஹெர்மெஸுடன் சேர்ந்து வந்த ஆப்பிள் வாட்ச் பதிப்பில் உள்ளிருப்பது சாதாரண ஆப்பிள் வாட்ச்தான், மதிப்பு பட்டையில் இருக்கிறது, ஆப்பிள் பட்டைகள் பெரும்பாலும் தலைமுறை மாறினாலும் பொருந்துவதால், வாட்ச்சை எளியதாக வாங்கி, நல்ல தோல் பட்டைக்குச் செலவிடலாம்.

மாலைவெயில்:

விரிவான பதில்களுக்கு நன்றி. பட்டை பற்றிய யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நுண்திருகு அவர்களிடம் ஒரு கேள்வி: இப்போதுள்ள வாட்ச்சின் பேட்டரியை மட்டும் மாற்றி இன்னும் சில காலம் ஓட்ட முடியுமா? நான் அதை அணிந்தபடியே நீந்துவது வழக்கம்.

நுண்திருகு:

அந்த மாதிரிக்குரிய பேட்டரி கிடைத்தால் தாராளமாக மாற்றலாம். புதியது வாங்குவதைவிட அது மலிவு. நீச்சல்தான் கவனிக்க வேண்டிய விஷயம். கூட்டைத் திறந்தவுடன் பழைய பசையும் ரப்பர் வளையமும் நீரைத் தடுக்கும் திறனை இழந்துவிடுகின்றன. புதிய பசையிட்டு மூடிய பிறகு அழுத்தச் சோதனை செய்துதான் நீர் புகாது என்று உறுதி சொல்ல முடியும். வாட்ச்சைக் கொடுப்பதற்கு முன்பே அந்தச் சோதனைக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதன் பிறகு நீந்தப் போகும்போது வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடுங்கள்.