முதல் தடவை பிகினி வேக்ஸ், வலி குறைய வழி உண்டா?

அக்காமாரே, அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம், நாகர்கோவிலில் ஒரு பார்லரில் இந்த வாரமே வரச் சொல்லியிருக்கிறார்கள். கை, கால் எல்லாம் மெழுகு போட்டு முடி எடுத்துப் பழக்கம்தான், தொடை இடுக்கில் எடுக்கும் இந்தப் பிகினி வேக்ஸை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. போன வாரம் வேறு ஷேவ் செய்துவிட்டேன்.

பதில் 1:
ஷேவ் செய்தாயிற்றா, சரி, இனி இரண்டு மூன்று வாரம் ரேசரைத் தொடாதே மக்களே. முடி ஒரு அரிசி நீளம், அதாவது 6 மில்லிமீட்டராவது இருந்தால்தான் மெழுகு பிடிக்கும், குட்டையாக இருந்தால் பாதியில் அறுந்து, அப்புறம் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளமாகும். ரொம்ப நீளமென்றால் கத்தரித்துவிடு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் போகாதே, வலி கூடுதலாகத் தெரியும். முதல் நாள் பீர்க்கங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்துக் குளி, தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், மெழுகு வழுக்கும்.

பதில் 2:
ஹார்ட் வேக்ஸ், அதாவது துணிப் பட்டை இல்லாமல் இறுகியதும் அப்படியே உரிக்கும் மெழுகு, அதைக் கேள், அது தோலைவிட முடியைத்தான் பிடிக்கும். நான் அரை மணி நேரம் முன்பே ஒரு பாராசிட்டமால் போடுவேன். இழுக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடு. தடவிய குச்சியையே திரும்ப மெழுகு டப்பாவில் முக்கினால் சுத்தமில்லை, எழுந்து வந்துவிடு, நான் ஒரு இடத்தில் கேட்டதற்கு முறைத்தார்கள், முறைக்கட்டும்.

பதில் 3:
பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறாயா? அப்படியானால் வேக்ஸே வேண்டாம், தோலும் சேர்ந்து உரியும். முடிந்த பிறகு ஒரு நாள் முட்டம் கடலும் திற்பரப்பு அருவியும் வேண்டாம். நம்மூர் வியர்வைக்கு ஜீன்ஸ் எதற்கு, பருத்திப் பாவாடை போதும்.

கேட்டவள்:
மாத்திரை எதுவும் இல்லை அக்கா. தேதியைக் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பாக மாற்றிவிட்டேன்.